ஒன்பது கைநாட்டுகள்

மாதத்தின் கடைசி வாரம் வந்தால் தோட்ட ஆபீஸில் யாரும் கிஷாந்திடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நானூற்றுப் பதினேழு பேரின் சம்பள விபரத்தை அவன்தான் மேலே அனுப்ப வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தோட்டத்தின் பங்காகப் பன்னிரண்டும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். எந்தப் பெயருக்கு, எந்த இலக்கத்துக்கு, எத்தனை நாள் வேலைக்கு அந்தப் பணம் என்று வரிசையாகக் காட்ட வேண்டும். தோட்டத்தை நடத்தும் தொரைக்கும் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கருக்கும் சம்பளத்தில் பிடிக்கிற வரியை இறைவரித் திணைக்களத்துக்கு அறிவிக்கிற வேலை வேறு. பிந்தினால் தண்டம். ஒரு இலக்கம் மாறினால் ஒருத்தி சிந்திய வேர்வை இன்னொருத்தியின் கணக்கில் போய் விழுந்துவிடும். அதனால்தான் கம்பியூட்டரில் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவன் ஒவ்வொரு மாதமும் "முருகா" என்று சொல்லிக்கொள்வான்.

அந்தச் சித்திரை மாதம் காளியாயி ஓய்வு பெற்றாள். இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். படிவம் நிரப்புவதற்காக ஆபீஸுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கு முன்னால் நின்றாள்.

"என்னா கிளாக்கரே, என்னைய எப்ப வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

"உக்காருங்க பெரியம்மா. என்னைய ஏன் கிளாக்கருங்கிறீங்க?"

"மூக்கு ஒழுகிக்கிட்டு என் இடுப்புல இருந்தப்ப கிஷாந்துன்னு கூப்புட்டேன். இப்ப மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க. மரியாதை குடுக்கணுமில்ல."

அவன் சிரித்துக்கொண்டே மைப்பெட்டியை நீட்டினான். அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிப் படிவத்தின் அடியில் வைத்தாள். பதிவின் நடுவே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. சிறுவயதில் தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும் கத்தி வெட்டிய தழும்பு அது.

"பாத்தியா, நடுவுல ரோடு போட்டிருக்கு" என்றாள். "கவர்மென்டு போட்ட ரோடெல்லாம் மழைக்குப் போயிருச்சு. இது அப்புடியே கெடக்கு."

அவளுக்கு வேண்டியது ஒரு கூரை. ஏழு பேர்ச் காணியில் அவளுடைய வீட்டுக்குச் சுவர் எழும்பி இரண்டு வருடமாகிறது. மேலே நீலத் தறப்பாள்தான். போன வருட மழைக்கு அது கிழிந்து, மகளும் பேரப்பிள்ளைகளும் பத்து நாள் கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். வைகாசி மழைக்கு முன்னால் சர்விஸ் காசு கைக்கு வந்தால் தகரம் போட்டுவிடலாம். ஒவ்வொரு வருட வேலைக்கும் இவ்வளவு என்று தோட்டம் கொடுக்கிற பணம் அது. முப்பத்தெட்டு வருடத்துக்குரிய பணம் கூரைக்குச் சரியாகப் போதும் என்று தச்சு ஆசாரியார் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்.

கிஷாந்த் அவளுடைய சேவைப் பதிவைத் திறந்தான். இரண்டு சேமலாப நிதி இலக்கங்கள் இருந்தன. முதல் இலக்கத்தில் 1987 முதல் 2001 பெப்ரவரி வரை பணம் போயிருந்தது. அதன்பிறகு ஒன்பது மாதம் ஒன்றுமில்லை. அந்த டிசம்பரில் புது இலக்கம். பக்கத்தில், 'வேலைக்கு வராததால் பெயர் வெட்டப்பட்டது, மீண்டும் சேர்ந்தார்' என்று இருந்தது. சேமலாப நிதிப் பணம் இரண்டு இலக்கத்திலிருந்தும் எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் சர்விஸ் காசு மீண்டும் சேர்ந்த நாளிலிருந்துதான். முதல் பதினான்கு வருடத்துக்கு ஒன்றும் வராது. அந்தப் பதினான்கு வருடம் போனால் கூரையும் போனது.

"பெரியம்மா, ரெண்டாயிரத்து ஒண்ணுல ஒம்பது மாசம் எங்க போனீங்க?"

காளியாயியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பால் கட்டைவிரலின் மையைத் துடைத்தாள்.

"எங்கயும் போகல. இங்கதான் இருந்தேன்."

"வேலைக்கு வரலன்னு போட்டிருக்கு. சுகமில்லாம இருந்தீங்களா? ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு ஏதும் இருக்கா?"

"கொழும்புக்குப் போயி கிளாக்கர் வேல பாத்தேன்னு எழுதிக்க" என்று எழுந்தாள். "எது எழுதியிருக்கோ அதுபடி செய் தம்பி. நான் ஒண்ணும் கேக்கல."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. விளையாட்டை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறாள்.

அன்று அந்தியில் கிஷாந்த் வீட்டுக்குப் போனபோது அம்மா மீனம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, மூன்று வருடம் முந்தி ஓய்வு பெற்றவள். அவன் சும்மா பேச்சுக்குச் சொன்னான்.

"காளியாயி பெரியம்மாவுக்கு பதினாலு வருச சர்விஸ் இல்லாமப் போகுதும்மா. ரெண்டாயிரத்து ஒண்ணுல ஒம்பது மாசம் வேலைக்கு வராம இருந்திருக்காங்க."

மீனம்மாவின் கை மாவிலேயே நின்றது. கல்லில் இருந்த ரொட்டி கருகியது. பிறகு அதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தாள்.

"அவ வேலைக்கு வந்தா" என்றாள். "என் பேருல வந்தா."

கிஷாந்துக்கு அப்போது ஆறு வயது. அப்பா குளவி கொட்டி இறந்த மறுவருடம், அம்மாவுக்கு முதுகுத்தண்டில் காசநோய் வந்து கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அவனுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். தானும் தங்கையும் காளியாயி வீட்டில் சாப்பிட்டதும், அவள் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் நினைவிருந்தது. ஆபீஸ் புத்தகத்தில் நடந்தது அவனுக்குத் தெரியாது.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில், வேலைக்கு ஆளில்லாத குடும்பத்தின் காம்பராவை, அதாவது குடியிருந்த அறையை, அந்தக் காலத்தில் தோட்டம் திருப்பி எடுத்துக்கொள்ளும். மீனம்மாவின் பெயரை வெட்டினால் காம்பரா போகும். பிள்ளைகள் எங்காவது இல்லத்துக்குப் போகும். காளியாயிக்கு அந்தப் பயமில்லை. அவள் கணவனின் பெயர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருந்தது. அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் "காளியாயி" என்று கூப்பிட்டபோது பேசாமல் நின்றாள். "மீனம்மா" என்று கூப்பிட்டபோது கையைத் தூக்கினாள். கூப்பிட்டவர் முத்துலிங்கம் கங்காணி. அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தில் அடையாளம் போட்டார்.

ஒன்பது மாதம் அப்படி நடந்தது. மீனம்மா என்ற இலக்கத்துக்கு நாள் விழுந்தது. காளியாயியின் பெயரை மூன்றாம் மாதத்தில் ஆபீஸ் வெட்டியது. சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் செலவு போக மிச்சத்தை அவள் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்து, மீனம்மா ஊன்றுகோலோடு திரும்பி வந்த அன்று அப்படியே கொடுத்தாள்.

"வெளிய தெரிஞ்சா கங்காணிக்கு வேல போகும்னு, கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கா" என்றாள் மீனம்மா. "கங்காணி செத்துப் பன்னெண்டு வருசமாச்சு. இன்னும் காப்பாத்துறா. இப்ப நீ சொல்லித்தான் அவளுக்கு என்னா போச்சுன்னே எனக்கு வெளங்குது. அந்த ஒம்பது மாச நாள் மட்டுந்தான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா."

"நாளைக்குத் தொரைகிட்டப் போறேம்மா" என்றான் கிஷாந்த்.

"இதச் சொன்னா ஒன் வேலைக்கு ஏதும் வருமா?"

"வரலாம்மா. நீங்க வாங்கின சர்விஸ் காசுலயும் கேள்வி வரலாம்."

"வந்தா வரட்டும்" என்றாள் அவள். "நம்ம தலைக்கு மேல இருந்த கூரை அவ குடுத்தது. அவ தலைக்கு மேல தறப்பாள் கெடக்கு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளக்கேத்துவேன்?"

மறுநாள் காலையில் கிஷாந்த் தோட்டத்துத் தொரை விஜிதரனின் அறைக்குப் போனான். மாத்தளையிலிருந்து வந்த அவர் சட்டத்தை மீற மாட்டார். ஆளையும் அவமதிக்க மாட்டார். கிஷாந்த் முழுவதையும் சொன்னான். கடைசியில், "அந்த மீனம்மா எங்க அம்மா சேர்" என்றும் சொன்னான்.

விஜிதரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது தெரியும். நீ சொல்லுவியான்னு பாத்தேன்" என்றார். "கிஷாந்த், நான் நம்புறேன். ஆனா கொம்பனிக்கு நான் அனுப்பவேண்டியது நம்பிக்கை இல்ல, ரெக்கோட். இருபத்து நாலு வருசம் முந்தி நாம அனுப்பின விபரத்துல அவ இல்ல. அது பிழைன்னு காட்ட ஒரு கடுதாசி வேணும். காளியாயி என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாங்க சேர். சத்தியம்."

"கங்காணி?"

"இறந்துட்டாரு."

"அப்ப ஒங்கம்மா சொல்றது மட்டுந்தான் இருக்கு. இந்த மாச விபரம் முப்பதாந்தேதி போகணும். படிவமும் கூடவே போகும். அதுக்குள்ள ஏதும் கெடச்சா கொண்டு வா."

மாத முடிவுக்கு நான்கு நாள் இருந்தது. ஆஸ்பத்திரித் துண்டு மீனம்மாவிடம் இருந்தது. அவள் படுக்கையில் இருந்தாள் என்பதை அது காட்டும். அவளுக்குப் பதிலாக மலையில் நின்றது யார் என்று அது சொல்லாது. இரண்டு பழைய தோழிகள் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். ஆனால் எந்த மாதம், எத்தனை நாள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மதியம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்து மீனம்மா கேட்டாள்.

"சம்பளப் பொஸ்தகத்தப் பாத்தியா?"

"அதுல ஒங்க பேருதானேம்மா இருக்கும்."

"பேரு என்னுதுதான். சம்பளம் வாங்குனா அடையாளம் வைக்கணுமில்ல. நான் அஞ்சாப்பு படிச்சவ, கையெழுத்துப் போடுவேன். அவளுக்கு எழுத வராதேடா."

கிஷாந்த் சாப்பிடாமலே எழுந்துவிட்டான். பழைய புத்தகங்கள் தொழிற்சாலையின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில் கிடந்தன. ஆனால் அவன் அங்கே தனியாகப் போகவில்லை. தொரையின் பங்களாவுக்குப் போய், "நான் தொட்டா பிறகு பேச்சு வரும் சேர். நீங்களே திறந்து பாருங்க" என்றான்.

விஜிதரன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். மாடியில் தேயிலைத் தூளும் எலிப்புழுக்கையும் மண்டிக் கிடந்தன. 1999 இருந்தது. 2000 பாதியை எலி தின்றிருந்தது. 2001 கட்டு அடியில் கிடந்ததால் தப்பியிருந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து விரலால் வரிகளைத் தேடினார்.

ஜனவரி: நீல மையில், கோணலான எழுத்தில் 'மீனம்மா'. பெப்ரவரியிலும் அதே கையெழுத்து. மார்ச் பக்கத்தைத் திருப்பினார்.

மீனம்மாவின் பெயருக்கு நேரே ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. நடுவே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

ஏப்ரலிலும் அது இருந்தது. மேயிலும் இருந்தது. நவம்பர் வரை, மாதத்துக்கு ஒன்றாக ஒன்பது கைநாட்டு. ஒன்பதிலும் அந்தக் கோடு. டிசம்பரில் மறுபடியும் 'மீனம்மா' என்ற கையெழுத்து, முன்பைவிடக் கொஞ்சம் நடுங்கிப்போய்.

விஜிதரன் புத்தகத்தை மூடவில்லை.

"அன்னிக்குச் சம்பளம் குடுத்த கிளாக்கர் பாத்திருப்பார் இல்லையா" என்றார். "கையெழுத்துப் போடுற ஆளு திடீர்னு கைநாட்டு வச்சா தெரியாமலா இருக்கும். தலையத் தூக்காமக் காசக் குடுத்திருக்கார்."

"ஆமா சேர்."

"அந்தப் புண்ணியவான் யாரோ" என்றார் விஜிதரன். சற்றுப் பொறுத்து, "நாளைக்கு ஹட்டனுக்குப் போவோம். தொழில் அதிகாரி எழுத்துல ஒரு வார்த்தை குடுத்தா கொம்பனி வாயத் திறக்காது" என்றார்.

தொழிலாளர் பிரச்சினைகளைக் கவனிக்கும் தொழில் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் சிவதர்சினி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடமாகிறது. மேசைக்கு முன்னால் விஜிதரனும் கிஷாந்தும் ஒரு பக்கம், மீனம்மாவும் காளியாயியும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். காளியாயியைப் பஸ்ஸில் ஏற்றுவதற்கே மீனம்மா பெரும்பாடு பட்டிருந்தாள்.

சிவதர்சினி புத்தகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரித் துண்டையும் பார்த்தார். பிறகு காளியாயியைக் கேட்டார்.

"அம்மா, இந்த ஒன்பது மாதமும் வேலை செய்தது நீங்கள்தானே? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

"நான் சொல்லமாட்டேங்க."

"ஏன்?"

"சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"ஆரிட்டச் சொன்னனீங்கள்?"

"அதையும் சொல்லமாட்டேன்."

சிவதர்சினி பேனையை வைத்துவிட்டார். "நீங்கள் வாய் திறக்காமல் நான் என்னெண்டு எழுதுறது?"

அப்போது மீனம்மா எழுந்து நின்றாள்.

"நான் சொல்றேங்க. அவதான் சத்தியம் பண்ணினா. நான் பண்ணல. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்." அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அந்த ஒம்பது மாசமும் நான் ஒரு கொழுந்து பறிக்கல. பறிச்சவ இவ. அதுக்கு விழுந்த சர்விஸ் காசையும் சேமலாபத்தையும் நான் அறியாம வாங்கிட்டேன். இது என் பேங்கு பொஸ்தகம். எவ்வளவுன்னு பாத்து எடுத்துக்கோங்க. இவளோட பதினாலு வருசத்த மட்டும் குடுத்துடுங்க."

காளியாயி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. ஆபீஸ்ல வந்து என்னா பேச்சு."

"நீ சும்மா இரு. இருபத்து நாலு வருசம் நீ பேசாம இருந்தது போதும்."

காளியாயி சேலையை விட்டாள். பிறகு தன் வலக்கையை மேசைமேல் நீட்டினாள்.

"நான் வாயால ஒண்ணும் சொல்லலங்க" என்றாள். "வெரல வேணும்னா வச்சுக்கோங்க. வெரல் சத்தியம் பண்ணல."

சிவதர்சினி மைப்பெட்டியைத் திறந்தார். வெள்ளைத் தாளில் விரல் பதிந்தது. அதைப் பழைய புத்தகத்தின் மார்ச் பக்கத்துக்கு அருகில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நடுவே ஓடிய கோடு ஒன்றுதான். இருபத்து நான்கு வருடத்தில் விரல் தடித்திருந்தது. கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"ஏனம்மா கைநாட்டு வைத்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டார். "கையெழுத்து மாதிரி ஏதும் கீறியிருக்கலாமே. ஆரும் கேட்டிருக்க மாட்டினம்."

காளியாயி யோசித்தாள். இந்தக் கேள்விக்குச் சத்தியத்தில் தடையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"கை நீட்டி வாங்குன காசுக்கு அடுத்தவ அடையாளத்தப் போடுறது பொய்யில்லீங்களா?" என்றாள்.

சிவதர்சினி அந்தத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு விஜிதரன் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்துக்கு இதில நட்டம் ஏதும் இருக்கோ?"

"இல்ல மேடம். கொழுந்து வந்திருக்கு, தொழிற்சாலைக்குப் போயிருக்கு. அந்தக் கொழுந்த யார் பறிச்சாங்கன்னு நாங்க பிழையா அறிவிச்சிருக்கோம். அவ்வளவுதான்."

"அப்ப அறிவித்தவைதான் திருத்தவேணும். ஒன்பது மாதத்துக்கும் திருத்திய விபரம் அனுப்புங்கோ. காளியாயியின்ர சேவை முறியயில்லை எண்டு நான் எழுதித் தாறன். மீனம்மா, அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கோ. ஒன்பது மாதச் சேமலாபக் கணக்கை மாற்றினால் நீங்கள் வாங்கின காசில கொஞ்சம் குறையும். அது சரிதானே?"

"கொறையட்டுங்க" என்றாள் மீனம்மா. அவள் முகம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் இருந்ததைப்போல மலர்ந்திருந்தது. "ரொம்ப நல்லாக் கொறையட்டும்."

முப்பதாம் தேதி மாலை கிஷாந்த் அந்த மாத விபரத்தை அனுப்பினான். அதோடு இருபத்து நான்கு வருடம் பிந்திய ஒன்பது மாத விபரத்தையும் திருத்தி அனுப்பினான். மீனம்மா என்ற பெயருக்கு நேரே 'நோய் விடுமுறை' என்றும், காளியாயி என்ற பெயருக்கு நேரே இருபத்திரண்டு நாள், இருபத்து நான்கு நாள், இருபத்தொரு நாள் என்றும் ஒவ்வொன்றாகப் பதிந்தான். படிவத்தில் சேவைக்காலம் என்ற இடத்தில் முப்பத்தெட்டு வருடம், முறிவின்றி என்று எழுதினான். பொத்தானை அழுத்தியபோது வழக்கம்போல "முருகா" என்று சொன்னான். அந்த முறை அது வேண்டுதலாக இல்லை, நன்றியாக இருந்தது.

பொய்க் கணக்கு எழுதுவது பாவம். அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளைத் தெருவில் விடாமல் காப்பதற்காக ஒருத்தி தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டாள். ஒரு கங்காணி அடையாளம் போட்டார்; ஒரு கிளாக்கர் தலையைத் தூக்கவில்லை. கடவுள் அவ்வளவையும் ஒரு புத்தகத்தில் எலி தொடாமல் வைத்திருந்தார் என்றுதான் மீனம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

பணம் வைகாசி பிறந்த இரண்டாம் வாரம் வந்தது. தகரம் ஏற்றிய லொறி மேலே ஏற முடியாமல் தேயிலைத் தொழிற்சாலையடியில் நின்றுவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. லயத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒரு தகரத்துக்கு இரண்டு பேராகத் தலையில் வைத்துக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு ஏறிப் பழகிய அதே படிகளில் வரிசையாக ஏறினார்கள். விஜிதரன் ஜீப்பை நிறுத்தி, அவர்கள் தாண்டிப் போகும்வரை ஓரமாகக் காத்து நின்றார்.

கடைசித் தகரத்தின் ஒரு முனை மீனம்மாவின் தலையில் இருந்தது. மறுமுனையைத் தூக்கிய கிஷாந்துக்கு மூச்சு வாங்கியது.

மேலே, சுவரோரம் நின்ற காளியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மெதுவா வாங்க கிளாக்கரே" என்றாள். "பேனா தூக்குற கை. முப்பதாந்தேதிக்கு வேணும்."

பெண்கள் சிரித்தார்கள். அந்திக்குள் கடைசி ஆணியும் அடித்து முடிந்தது. நீலத் தறப்பாளை மடித்து மூலையில் வைத்துவிட்டு, உள்ளே விளக்கேற்றும்படி காளியாயி மீனம்மாவைத்தான் கேட்டாள். திரி பற்றியபோது முதல் மழைத்துளிகள் புதுத் தகரத்தில் விழத் தொடங்கின. பேரப்பிள்ளைகள் பழக்கத்தில் சட்டியைத் தேடி ஓடினார்கள். பிறகு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.